எந்த விவசாயி?

தேர்தல் நெருங்கினால் போதும், பட்டணத்து நண்பர்களுக்கு விவசாயி மேல் பாசம் பொங்கிவிடும். "ஒரு நிஜமான விவசாயி நாட்டை ஆள வந்துட்டா எல்லாம் சரியாயிடும்ங்க" என்பார்கள். பச்சைத் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு வரப்பில் நின்று எடுத்த படம் ஒன்று வந்துவிட்டால் இன்னும் உருகிப் போவார்கள். நான் சொந்தமாக மூணு ஏக்கரும் குத்தகைக்கு அஞ்சு ஏக்கரும் வைத்து மக்காச்சோளம் போடுகிறவன். எனக்கு இந்த வசனத்தைக் கேட்டாலே எரிச்சல்தான் வருகிறது.

ஏன் என்று சொல்ல ஓர் அமெரிக்கரின் கதை தேவைப்படுகிறது. பெயர் ஹென்றி வாலஸ். பயிரைப் பற்றி இவ்வளவு தெரிந்த ஓர் ஆள் ஒரு பெரிய நாட்டின் தலைமை நாற்காலிக்கு அவ்வளவு பக்கத்தில் போனது அபூர்வம். துணை ஜனாதிபதி பதவியில் இன்னும் மூணு மாசம் நீடித்திருந்தால் அமெரிக்க ஜனாதிபதியாகவே ஆகியிருப்பார். நீங்கள் கேட்கிற அந்த "விவசாயி ஆட்சி" எப்படி இருக்கும் என்று பார்க்க இவரைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இவர் கோவணம் கட்டி ஏர் ஓட்டிய ஆள் இல்லை. 1888ல் அயோவா மாநிலத்தில் ஒரு பண்ணையில் பிறந்தார், உண்மைதான். ஆனால் தாத்தா, அப்பா, இவர் என்று மூணு தலைமுறை விவசாயப் பத்திரிகை நடத்திய குடும்பம். அப்பா 1921லிருந்து 1924ல் சாகிற வரை அமெரிக்காவின் விவசாய அமைச்சர். இவர் படித்த பிள்ளை, கணக்குப் பைத்தியம், பத்திரிகை ஆசிரியர். சின்ன வயதில் இவரைச் செடிகொடி காட்டக் கூட்டிக்கொண்டு திரிந்தவர் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர். அடிமையாகப் பிறந்து, அயோவா விவசாயக் கல்லூரியின் முதல் கறுப்பின மாணவராகச் சேர்ந்து, அங்கேயே பாடம் நடத்தியவர். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அந்தக் காலத்தில் அயோவாவில் மக்காச்சோளத்துக்கு அழகுப் போட்டி நடக்கும். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே நடக்கும். விவசாயிகள் தங்கள் கதிர்களைக் கொண்டுவந்து மேஜையில் அடுக்குவார்கள். முத்து வரிசை நேராக இருக்கிறதா, கதிர் ஒரே பருமனாக இருக்கிறதா, நுனி வரை மணி பிடித்திருக்கிறதா என்று பார்த்து நடுவர்கள் மார்க் போடுவார்கள். பரிசு வாங்கிய கதிர்தான் அடுத்த வருஷ விதை. பெர்ரி ஹோல்டன் என்ற பேராசிரியர் இதை ஊர் ஊராகப் போய்ப் பிரசாரம் செய்தவர், ஏறக்குறைய சோளத்துக்கு ஒரு மதபோதகர் மாதிரி.

வாலஸுக்கு அப்போது பதினைந்து பதினாறு வயது. பன்றிக்குக் கதிரின் அழகு என்னத்துக்கு என்பதுதான் அந்தப் பையனின் சந்தேகம். ஹோல்டனோ, நம்பாவிட்டால் விதைத்துப் பார் என்றார். 1904ல் பையன் விதைத்தே பார்த்துவிட்டான். வீட்டுக்குப் பின்னால் ஐந்து ஏக்கர். ஒவ்வொரு கதிரின் மணியையும் தனித்தனிச் சாலில் போட்டு, களையெடுத்து, அறுத்து, உரித்து, எடை போட்டான். ஹோல்டன் முதல் மார்க் போட்ட கதிர் விளைச்சலில் கடைசி வரிசைக்குப் பக்கத்தில் நின்றது. பார்வைக்குச் சுமாராக இருந்தவை சில தராசில் ஜெயித்தன.

இந்த ஒரு விஷயத்துக்காகவே அந்த மனிதரைக் கையெடுத்துக் கும்பிடலாம். பெரியவர்கள், பேராசிரியர், பரிசுக் கேடயம் எல்லாம் ஒரு பக்கம் நிற்க, பையன் தராசை மட்டும் நம்பினான். நம் ஊரிலும் காளையைப் பார்த்து, கதிரைப் பார்த்து, ஆளைப் பார்த்து மார்க் போடுகிறவர்கள் ஏராளம். களத்துமேட்டில் எடை போடுகிறவன் குறைவு.

அடுத்து அவர் செய்ததுதான் என் தோட்டம் வரைக்கும் வந்திருக்கிறது. மக்காச்சோளத்தில் ஆண் பூ தலையில், பெண் பூ இடுப்பில். காற்றில் வருகிற மகரந்தம் எதுவோ அதை வாங்கிக்கொள்ளும். அப்படி விடாமல், ஒரு செடியின் மகரந்தத்தை அதே செடியின் கதிருக்குக் கொடுத்து, ஐந்தாறு தலைமுறை அப்படியே செய்தால் பயிர் நோஞ்சானாகிவிடும். சொந்தத்துக்குள்ளேயே சொந்தம் பண்ணின மாதிரி. ஆனால் இப்படி நோஞ்சானாக்கிய இரண்டு தனித்தனி வம்சங்களை ஒன்றோடொன்று சேர்த்தால், பிறக்கிற பிள்ளை அப்பன் ஆத்தா ரெண்டையும் மிஞ்சி நிற்கும். இதைக் கண்டுபிடித்தது வாலஸ் இல்லை. ஜார்ஜ் ஷல், எட்வர்ட் ஈஸ்ட், டொனால்ட் ஜோன்ஸ் போன்ற விஞ்ஞானிகளின் வேலை அது. சோதனைத் தோட்டத்தில் கிடந்த அந்த வித்தையை விதை மூட்டையாக்கி விற்றவர்களில் முன்னால் நிற்பவர் வாலஸ். அவர் உண்டாக்கிய 'காப்பர் கிராஸ்' என்ற ஒட்டுரகம் 1924ல் அயோவா விளைச்சல் போட்டியில் தங்கப் பதக்கம் வாங்கியது. கவனியுங்கள், அழகுப் போட்டி இல்லை, விளைச்சல் போட்டி. அந்த வருஷமே அதை ஒரு பவுண்டு ஒரு டாலர் என்று விற்றார்கள். ஒரு பவுண்டு என்றால் அரைக் கிலோவுக்கும் குறைவு. ஒரு புஷல் சோளமே, அதாவது 25 கிலோ, ஏறக்குறைய ஒரு டாலருக்குப் போன காலம் அது.

1926ல் கம்பெனி தொடங்கினார். பிற்பாடு பயோனியர் ஹை-பிரெட் என்று உலகமெல்லாம் தெரிந்த கம்பெனி அதுதான். விவசாயி லேசில் நம்பவில்லை. நம்மளை மாதிரிதானே அவனும், கூடுதல் காசு கொடுத்து விதை வாங்கச் சொன்னால் முறைப்பான். ராஸ்வெல் கார்ஸ்ட் என்ற விற்பனையாளர் ஒரு வழி கண்டுபிடித்தார். விதை இலவசம், பழைய விதையைவிட எவ்வளவு கூடுதலாக விளைகிறதோ அதில் பாதி எனக்கு. விளைந்ததைப் பார்த்த பிறகு விவசாயிகளே காசு கொடுத்து வாங்கினால் லாபம் என்று மாறிவிட்டார்கள். 1933ல் அயோவாவின் சோள நிலத்தில் நூற்றுக்கு ஒரு பங்குகூட ஒட்டுரகம் கிடையாது. பத்தே வருஷத்தில் ஏறக்குறைய முழுக்க முழுக்க அதுதான்.

ஆனால் அந்த மூட்டைக்குள் இன்னொன்றும் இருந்தது. ஒட்டுரகத்தில் விளைந்ததை எடுத்து அடுத்த போகத்துக்கு விதைத்தால் விளைச்சல் விழுந்துவிடும். அதனால் வருஷா வருஷம் கம்பெனி வாசலுக்குப் போயாக வேண்டும். பூட்டு போட்டு, சாவியைக் கம்பெனியிடம் கொடுத்த மாதிரி. குதிருக்குள் விதை எடுத்து வைத்த பழக்கம் ஒரே தலைமுறையில் போனது. 1999ல் டூபான்ட் அந்தக் கம்பெனியை முழுதாக வாங்கியபோது, கையில் ஏற்கெனவே இருந்த 20 சதவீதப் பங்கு போக மீதிக்கு மட்டும் 770 கோடி டாலர் கொடுத்தது. வருஷம் தவறாமல் விதை வாங்க வருகிற விவசாயி இல்லையென்றால் அந்த விலை ஏது?

இந்த இடத்தில் நண்பர்கள் சிலர் "நாட்டு விதைக்குத் திரும்புங்கள்" என்று ஆரம்பிப்பார்கள். மக்காச்சோளமே மெக்சிகோவிலிருந்து வந்த பயிருங்க. இதில் நாட்டு விதை என்று எதைத் தேடுவது? நானும் ஒட்டுரகம்தான் போடுகிறேன், நாளைக்கும் போடுவேன். ஏக்கருக்கு வருகிற மூட்டைதான் குத்தகையைக் கட்டுகிறது. பூட்டு இருப்பது தெரிந்தேதான் போடுகிறேன் என்று மட்டும் சொல்லி வைக்கிறேன்.

இனி ஆட்சிக்கு வருவோம்.

1933 மார்ச்சில் ரூஸ்வெல்ட் இவரை விவசாய அமைச்சராக்கினார். அப்பா உட்கார்ந்திருந்த அதே பதவி. நாடு கிடந்த கிடப்பு பயங்கரம். அயோவாவில் 25 கிலோ சோளம் பத்து சென்டுக்குப் போனது. நிலக்கரி வாங்குவதைவிட மலிவு என்று சோளத்தையே அடுப்பில் போட்டு எரித்தார்கள். அந்த ஏப்ரலில் லெ மார்ஸ் என்ற ஊரில், நிலத்தை ஜப்தி செய்ய உத்தரவு போடுகிற நீதிபதியை விவசாயிகள் நீதிமன்றத்திலிருந்து இழுத்துப்போய்க் கழுத்தில் கயிறு மாட்டினார்கள். உயிர் தப்பியது அதிர்ஷ்டம்.

விளைச்சலைக் குறைத்தால்தான் விலை ஏறும் என்று சட்டம் வந்தது. வருவதற்குள் பருத்தி முளைத்துவிட்டது, பன்றி குட்டி போட்டுவிட்டது. என்ன செய்தார் நம் விவசாயி அமைச்சர்? நின்ற பயிரில் சுமார் ஒரு கோடி ஏக்கர் பருத்தியை மடக்கி உழச் சொன்னார். செடியை மிதிக்காமல் சால் நடுவில் நடக்கப் பழகிய கோவேறு கழுதைகள் பயிர்மேல் கால் வைக்க மறுத்து நின்றன என்று சொல்வார்கள். கேட்கும்போது எனக்கு நெஞ்சு அடைத்தது. பிறகு 60 லட்சம் பன்றிக் குட்டிகளையும் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட சினைப் பன்றிகளையும் அரசாங்கமே வாங்கிக் கொன்றது. கொஞ்சம் இறைச்சி ஏழைகளுக்குப் போனது, மீதி உரமானது. ஜனங்கள் சோற்றுக்கு வரிசையில் நின்ற வருஷம் அது. நாடே காறித் துப்பியது.

பன்றியைச் செல்லமாக வளர்க்கத்தான் வளர்க்கிறோமா என்கிற பாணியில் பதில் சொன்னார் வாலஸ். பட்டணத்துக்காரர்களுக்கு அது கொடூரமாகப் பட்டது. எனக்குப் படவில்லை. தக்காளி விலை விழும்போது பறிப்புக் கூலிகூடத் தேறாமல் மாட்டை விட்டு மேய்க்கிறோமே, அப்போது யாரும் துப்புவதில்லை. அதே காரியத்தை அரசாங்கம் கையெழுத்துப் போட்டுச் செய்தால் பாவம். என்ன நியாயம் இது?

பயிரை அழித்ததும் போதாது என்று புரிந்ததால் அடுத்து களஞ்சியத்துக்குப் போனார். விளைந்த வருஷம் அரசு கடன் கொடுத்துத் தானியத்தை இருப்பு வைப்பது, காய்ந்த வருஷம் வெளியே விடுவது. பழைய சீனத்துச் சமநிலைக் களஞ்சியம்தான் அது. கன்பூசியஸ் மரபின் பொருளாதாரம் பற்றி சென் ஹுவான்-சாங் எழுதிய புத்தகத்தைப் படித்துப் பிடித்துக்கொண்ட யோசனை. 1938ல் சட்டமானது. இரண்டாம் உலகப் போர் வந்தபோது அந்த இருப்புதான் கை கொடுத்தது. 1940 கடைசியில், துணை ஜனாதிபதியாகத் தேர்வான கையோடு மெக்சிகோ போனார். அங்கே சோளக்காட்டைப் பார்த்துவிட்டு வந்து ராக்பெல்லர் அறக்கட்டளையிடம் பேசினார். அந்தப் பேச்சு முளைத்து 1943ல் மெக்சிகோத் திட்டமானது, அடுத்த வருஷம் நார்மன் போர்லாக் அங்கே வேலைக்குச் சேர்ந்தார். அவர் வளர்த்த குட்டைக் கோதுமையின் விதையை 1966ல் 18,000 டன் இந்தியாவுக்குக் கொண்டுவந்தவர் நம்ம சி.சுப்பிரமணியம். ஆக, பசுமைப் புரட்சியைத் திட்டுகிறவர்களும் கும்பிடுகிறவர்களும் கொஞ்சம் வாலஸ் வீட்டு வாசலிலும் நிற்க வேண்டும்.

இவ்வளவு செய்த மனிதரை அமெரிக்கா எதற்காக விரட்டியது தெரியுமா? குருஜி கடிதங்களுக்கும், ரஷ்யாவுக்கும்.

நிக்கலாய் ரோரிக் என்று ஒரு ரஷ்ய ஓவியர், நம் இமாலயத்தில் குலு பள்ளத்தாக்கில் வந்து குடியிருந்தவர், ஞானி என்று பெயர். வாலஸ் அவருடைய பக்தர். 1934ல் வறட்சி தாங்கும் புல் தேட அவரை அரசுச் செலவில் மஞ்சூரியாவுக்கு அனுப்பினார். அது வில்லங்கமாகி அடுத்த வருஷமே கழற்றியும் விட்டார். ஆனால் "அன்புள்ள குருவே" என்று தொடங்கும் கடிதங்கள் எதிரிகள் கையில் சிக்கிக்கொண்டன. 1948ல் ஒரு பத்திரிகையாளர் அவற்றைப் போட்டு நாறடித்தார்.

ரஷ்யா விவகாரம் அதைவிட மோசம். 1944 மே மாதம் துணை ஜனாதிபதியாக சைபீரியா போனார். கொலிமா, மகதான். ஸ்டாலினின் கொடும் சிறைமுகாம்கள் இருந்த இடம். அவர் வருகிறார் என்று காவல் கோபுரங்களை இறக்கி, கைதிகளைக் கண்ணில் படாமல் வைத்து, கடை ஜன்னலில் சரக்கை நிரப்பி வைத்தார்கள். இவர் பார்த்துப் பூரித்துப்போய்ப் புகழ்ந்துவிட்டு வந்தார். பதினாறு வயதில் பரிசுக் கதிரை நம்பாத ஆள், ஐம்பத்தைந்து வயதில் மேஜையில் அடுக்கி வைத்ததை அப்படியே நம்பினார். தராசை வீட்டில் வைத்துவிட்டுப் போய்விட்டார். 1952ல் ஏமாந்துவிட்டேன் என்று அவரே எழுதினார். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

1944 ஜூலையில் சிகாகோ மாநாட்டில் கட்சி முதலாளிகள் அவரைக் கழற்றினார்கள். முதல் சுற்றில் வாலஸுக்கு 429½ ஓட்டு, ட்ரூமனுக்கு 319½. இரண்டாம் சுற்றில் ட்ரூமன். அந்த ட்ரூமன் துணை ஜனாதிபதியாகி 82 நாளில் ரூஸ்வெல்ட் இறந்தார். வாலஸுக்கு வணிகத் துறை கிடைத்தது. ரஷ்யாவோடு மோதாதீர்கள் என்று 1946ல் பேசியதற்கு அதுவும் போனது. 1948ல் தனிக் கட்சியில் ஜனாதிபதித் தேர்தலுக்கு நின்று சுமார் பதினொன்றரை லட்சம் ஓட்டு வாங்கினார், நூற்றுக்கு இரண்டரைகூட இல்லை. கம்யூனிஸ்டுகளின் கைப்பாவை என்ற முத்திரையோடு அரசியல் முடிந்தது.

அந்த 1948 பிரசாரத்தில் அவர் செய்த ஒன்றை யாரும் பேசுவதில்லை. தென் மாநிலங்களில் கறுப்பர், வெள்ளையர் என்று பிரித்து உட்கார வைக்கும் கூட்டத்தில் பேச மாட்டேன் என்றார். பிரித்து வைக்கும் ஓட்டலில் தங்க மாட்டேன் என்றார். கறுப்பர் வீடுகளில் சாப்பிட்டார், தங்கினார். வட கரோலினாவில் முட்டையும் தக்காளியும் மேலே வந்து விழுந்தன. கார்வரின் கையைப் பிடித்து நடந்த பிள்ளை, கடைசியில் அந்தக் கடனைக் கொஞ்சம் அடைத்தான் என்று சந்தோஷப்படலாம். நானும் சந்தோஷப்பட்டிருப்பேன், 1935ஐப் பற்றிப் படிக்காமல் இருந்திருந்தால்.

பருத்தி உழுதார்களே, அதற்கு அரசு நஷ்டஈடு கொடுத்தது. யாருக்கு? நிலத்துக்குச் சொந்தக்காரருக்கு. தெற்கே பருத்தியை விளைவித்தவர்களோ பெரும்பாலும் வாரக்குடிகள், கறுப்பரும் ஏழை வெள்ளையரும். நிலம் குறைந்தால் ஆள் எதற்கு? பணத்தையும் வாங்கிக்கொண்டு குடியையும் கிளப்பிவிட்டார்கள் ஆண்டைகள். 1934ல் ஆர்கன்சாஸ் மாநிலத்து டைரோன்சாவில் கறுப்பரும் வெள்ளையரும் ஒன்றாகச் சேர்ந்து சங்கம் வைத்தார்கள். துறைக்குள்ளேயே ஜெரோம் ஃபிராங்க் முதலான சில வக்கீல்கள், பணம் வாங்குகிற ஆண்டை அதே குடிகளை அதே நிலத்தில் வைத்திருக்க வேண்டும் என்பதுதான் ஒப்பந்தத்தின் அர்த்தம் என்று எழுதினார்கள். அவ்வளவுதான். செனட் விவசாயக் குழுவின் தலைவர் தென் கரோலினாக்காரர், பட்டப்பெயரே 'பருத்தி' எட் ஸ்மித். அவர்கள் ஓட்டு இல்லாமல் ஒரு சட்டமும் நகராது. 1935 பிப்ரவரியில் வாலஸ் அந்த வக்கீல்களை வேலையை விட்டு நீக்க ஒப்புக்கொண்டார். அடுத்த வருஷம் தெற்கே சுற்றுப்பயணம் போய், வாரக்குடிகளின் குடிசைகளைப் பார்த்து அதிர்ந்துபோனார். பிறகு அவர்களுக்கென்று கடனுதவித் திட்டம் வந்தது, இல்லையென்று சொல்லவில்லை. கிளப்பிவிடப்பட்டவர்களுக்கு அது வந்து சேரவில்லை.

கையில் அதிகாரம் இருந்த வருஷத்தில் குடிகளுக்காகப் பேசியவர்களை வெளியே அனுப்பினார். அதிகாரம் போன வருஷத்தில் அதே ஜனங்களுக்காக முட்டையடி வாங்கினார். எதிரிகள் குருஜியைப் பிடித்துக்கொண்டார்கள், ரசிகர்கள் முட்டையடியைப் பிடித்துக்கொண்டார்கள். 1935ஐ எடை போட ஆளில்லை. அவர் விவசாயிக்குத் துரோகம் செய்யவில்லை, நன்றாகக் கவனியுங்கள். விவசாயிக்கு நல்லதுதான் செய்தார். அவர் அகராதியில் விவசாயி என்றால் அயோவாவில் சொந்த நிலம் வைத்திருக்கிற, கணக்கெழுதத் தெரிந்த, விதை மூட்டை வாங்கக் காசுள்ள ஆள். அந்த ஆளுக்கு விலையும் கிடைத்தது, விதையும் கிடைத்தது, களஞ்சியமும் கிடைத்தது. வாரத்துக்கு உழுதவன் அந்தச் சொல்லுக்குள்ளேயே இல்லை. நீங்கள் "ஒரு விவசாயி" என்று சொல்லும்போதும் அவன் அதற்குள் இல்லை.

1939 ஜனவரியில், இன்னும் வாலஸ்தான் அமைச்சர், மிசௌரி மாநிலத்தின் தென்கிழக்கு மூலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாரக்குடிகள் நெடுஞ்சாலை ஓரத்தில் வந்து உட்கார்ந்தார்கள். பனிக்காலம். அடுப்பு, கட்டில், கோழிக்கூண்டு, குழந்தைகள் எல்லாம் ரோட்டோரம். அரசுப் பணத்தில் குடிக்குப் பங்கு கொடுக்க வேண்டியிருந்ததால், குடியே வேண்டாம் கூலியாள் போதும் என்று ஆண்டைகள் கிளப்பிவிட்டவர்கள். போலீஸ் வந்து அவர்களை ரோட்டிலிருந்தும் அப்புறப்படுத்தியது, ஜனங்கள் கண்ணில் படாத இடங்களுக்கு.

எங்கள் ஊரில் ஒரு சேதம் என்றால் கேட்கிற முதல் காகிதம் சிட்டா. பயிர்க்கடனுக்கும் அதுதான். மத்திய அரசின் 6,000 ரூபாயும் நிலம் யார் பேரிலோ அவர்களுக்குத்தான், குத்தகைக்கு உழுகிறவனுக்குக் கிடையாது. நான் உழுகிற எட்டு ஏக்கரில் அஞ்சுக்குச் சிட்டா என் பேரில் இல்லை. பக்கத்துக் காடுகளிலும் இதே கதைதான். உழுகிற ஆள் இங்கே இருக்கிறான், பேர் உள்ளவர் சென்னையிலோ கோயம்புத்தூரிலோ இருக்கிறார். குத்தகைப் பணம் வாங்குவார், எழுத்தில் ஒப்பந்தம் கேட்டால் மட்டும் "எதுக்குங்க அதெல்லாம், நமக்குள்ள" என்பார். நல்ல மனுஷர்தான், விவசாயி மேல் ரொம்பப் பாசம். அவரும் இதைப் படிப்பார் என்று நினைக்கிறேன்.